இணையத்துக்கு வேலி
சிறுவர் பாதுகாப்பும் மனித உரிமையும் பற்றிய ஒரு நோக்கு

முன்னுரை

புலம்பெயர்ந்த நாட்டிற் பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர்க்குக் கவலைகள் பல. மொழி மறந்துபோகுமோ, பண்பாடு கைநழுவுமோ என்னும் பழைய கவலைகளோடு கடந்த கால் நூற்றாண்டிற் புதிய கவலையொன்றும் சேர்ந்துகொண்டது. பிள்ளை தன் அறையிலிருந்தபடியே உலகத்தைக் காண இணையம் ஒரு சாளரமாக அமைந்துவிட்டது. அச்சாளரத்தின் வழியே உள்ளே நுழைவன எவை, அதன் வழியே பிள்ளையுடன் பேசுவோர் யாவர் என்பதே அக்கவலை.

இக்கவலை பொய்யானதன்று. சிறுவரைப் பாலியற் கொடுமைக்கு உள்ளாக்கி அதனைப் படமாக்கிப் பரப்புவோர் இருக்கின்றனர். நண்பர்போற் பேசிப் பிள்ளையின் படத்தைப் பெற்றுப் பின்னர் அச்சுறுத்திப் பணம் பறிப்போரும் இருக்கின்றனர். ஆகவே, "அரசாங்கம் இவற்றையெல்லாம் தடுத்துவிட்டால் என்ன?" என்று பெற்றோர் வினவுவது இயல்பே. நம் பள்ளியின் பெற்றோர் கூட்டங்களிலும் இவ்வினா அடிக்கடி எழுகின்றது.

நாம் வாழும் அவுஸ்திரேலியா இவ்வினாவோடு கால் நூற்றாண்டாகப் போராடி வந்திருக்கின்றது. அரசு இணையத்துக்கு வடிகட்டி பொருத்த முயன்றபோது நடந்தவை யாவை, மனித உரிமை பேசுவோர் அதனை ஏன் எதிர்த்தனர், அவ்வனுபவத்திலிருந்து பெற்றோராகிய நாம் அறிந்துகொள்ள வேண்டியது யாது என்பனவற்றை இக்கட்டுரையிற் சுருக்கமாக நோக்குவோம்.

வடிகட்டி இயங்கும் முறை

இணையத்தளம் ஒவ்வொன்றும் உலகில் எங்கோ ஓரிடத்திலுள்ள கணினியில் வைக்கப்பட்டிருக்கும். நாம் ஒரு தளத்தின் பெயரைத் தட்டச்சுச் செய்ததும் நமக்கு இணைய சேவை வழங்கும் நிறுவனம் அப்பெயருக்குரிய எண் முகவரியைக் கண்டறிந்து நம்மை அங்கே கொண்டு சேர்க்கின்றது. ஆகவே தடுக்க விரும்பும் அரசு இந்நிறுவனங்களையே வாயிற்காவலராக்குகின்றது. தடுக்கவேண்டிய தளங்களின் பட்டியலை அவற்றிடம் கொடுத்து, "இவற்றுக்கு எவரையும் விடாதீர்" எனப் பணிக்கின்றது. இதுவே அரச வடிகட்டியின் அடிப்படை.

தடுக்கும் முறைகள் மூன்று எனலாம். முதலாவது, தளத்தின் பெயரைத் தடுத்தல். இது மலிவானது, எளிதிற் செய்யக்கூடியது. ஆனால் வேறொரு நாட்டின் பெயர்ச் சேவையைப் பயன்படுத்துவோர் இதனைச் சில நிமிடங்களிற் கடந்துவிடுவர். இரண்டாவது, எண் முகவரியைத் தடுத்தல். இதிற் பெரும் ஆபத்தொன்று உண்டு. ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்குத் தெருவில் ஓரிலக்கமே இருப்பதுபோல, நூற்றுக்கணக்கான தளங்கள் ஒரே எண் முகவரியிற் குடியிருக்கக்கூடும். ஒரு வீட்டிலுள்ள கள்வனைப் பிடிக்க முழுக் கட்டடத்தின் வாயிலையும் பூட்டினால் ஏனைய குடிகள் என் செய்வர்? மூன்றாவது, குறித்த ஒரு பக்கத்தை மட்டும் தடுத்தல். இதுவே மிகவும் நுண்ணியது. ஆயினும் இன்று பெரும்பாலான தளங்கள் மறையாக்கம் செய்யப்பட்ட வழியிலேயே இயங்குகின்றன. நாம் எந்தத் தளத்துக்குச் செல்கின்றோம் என்பதை இடையிலுள்ள நிறுவனம் அறியலாம். அத்தளத்தில் எப்பக்கத்தைப் பார்க்கின்றோம் என்பதை அறிய இயலாது. எனவே ஒரு பக்கத்துக்காக முழுத் தளத்தையும் தடுக்க வேண்டும், அல்லது விட்டுவிட வேண்டும் என்னும் நிலை தோன்றியுள்ளது.

இவற்றைவிடச் சொற்களைக் கொண்டு வடிகட்டும் மென்பொருள்களும் உள்ளன. இவை கருத்தை அறியா. எழுத்துக்களை மட்டுமே அறியும். மார்பகப் புற்றுநோய் பற்றிய மருத்துவக் குறிப்பையும் ஆபாசப் பக்கத்தையும் ஒரே கண்ணாற் பார்ப்பதுண்டு. ஆங்கிலச் சொற்பட்டியலை மட்டும் கொண்ட வடிகட்டிக்குத் தமிழிலே எழுதப்பட்ட வசைமொழி எதுவும் புலப்படாது என்பதையும் நாம் மறத்தலாகாது.

இன்னுமோர் உண்மையைப் பெற்றோர் கருத்திற் கொள்ளவேண்டும். சிறுவரை அணுகும் தீயோர் பெரும்பாலும் பொதுத் தளங்களிற் காத்திருப்பதில்லை. விளையாட்டுக்களிலுள்ள உரையாடல் அறைகள், தனிச் செய்திகள், நேரடிக் கோப்புப் பரிமாற்றம் ஆகியனவே அவர்களது களங்கள். தளங்களின் பட்டியலை வைத்துத் தடுக்கும் வடிகட்டி இக்களங்களை எட்டுவதேயில்லை.

அவுஸ்திரேலியாவின் அனுபவம்

இந்நாட்டில் இணைய உள்ளடக்கத்தை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1999 ஆம் ஆண்டில் நிறைவேறி 2000 ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. பொதுமக்கள் முறையிட்டால் ஒலிபரப்பு அதிகார சபை ஆராயும். தடைசெய்யத்தக்க பக்கம் உள்நாட்டுக் கணினியில் இருந்தால் அதனை நீக்குமாறு பணிக்கும். வெளிநாட்டில் இருந்தால் அதன் முகவரி ஒரு பட்டியலிற் சேர்க்கப்பட்டு, விரும்பியவர்கள் வீட்டிற் பயன்படுத்தும் வடிகட்டி மென்பொருள்களை ஆக்குவோரிடம் கொடுக்கப்படும். 2005 இல் இப்பணி, புதிதாக அமைந்த தொடர்பாடல் மற்றும் ஊடக அதிகார சபையிடம் சென்றது.

2007 ஓகஸ்டில் அன்றைய ஹவார்ட் அரசு, குடும்பங்களுக்கு இலவச வடிகட்டி மென்பொருளை வழங்கும் திட்டத்தை அறிமுகம் செய்தது. இதற்கென ஒதுக்கப்பட்ட தொகை எட்டுக் கோடி டொலருக்கும் மேல். வெளியான சில நாட்களுக்குள்ளேயே மெல்பேணைச் சேர்ந்த 16 வயது மாணவன் ஒருவன் அதனை ஏறத்தாழ அரைமணி நேரத்திற் செயலிழக்கச் செய்து காட்டினான். மென்பொருளின் சின்னம் திரையில் அப்படியே இருந்தது. அதனைப் பார்க்கும் பெற்றோர் காவல் இருக்கின்றது என்றே எண்ணியிருப்பர்.

அதே ஆண்டு இறுதியில் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி அரசு ஒருபடி மேலே சென்றது. நாட்டிலுள்ள இணைய சேவை நிறுவனங்கள் யாவும் கட்டாயமாக வடிகட்ட வேண்டும் என்பது தொடர்பாடல் அமைச்சர் ஸ்டீபன் கொன்ரோய் முன்வைத்த திட்டம். சிறுவர் நலம் பேணும் அமைப்புக்களிற் சில இதனை வரவேற்றன. ஆயினும், உலகெங்கும் சிறுவருக்காகப் பணியாற்றும் 'சேவ் த சில்ரன்' அமைப்பும், சிறுவர் மற்றும் இளைஞர்க்கான தேசியச் சட்ட நிலையமும் 2008 இல் இதனைக் குறைகூறின. வடிகட்டியாற் பயன் குறைவு. அப்பணத்தைக் காவற்றுறைக்கும் கல்விக்கும் செலவிடுவதே சிறுவர்க்கு நன்மை தரும் என்பது அவர்களது வாதத்தின் சாரம். வடிகட்டியை எதிர்ப்போரெல்லாம் சிறுவர் நலனில் அக்கறையற்றோர் என்று பேசப்பட்ட காலத்தில், சிறுவர்க்காக வாழ்வோரே இவ்வாறு கூறியமை பலரைச் சிந்திக்கவைத்தது.

2009 மார்ச் மாதத்தில் நிலைமை மாறிற்று. அதிகார சபையின் இரகசியத் தடைப்பட்டியல் என்று கூறப்பட்ட ஒன்றை விக்கிலீக்ஸ் வெளியிட்டது. முதலில் வெளியானது தன் பட்டியலன்று என அதிகார சபை மறுத்தது. பின்னர் வெளியான திருத்திய வடிவம் உண்மைப் பட்டியலைப் பெரிதும் ஒத்திருப்பதை அமைச்சர் ஏற்றுக்கொண்டார். வெளியானவற்றிற் கொடிய தளங்கள் பல இருந்தன என்பதில் ஐயமில்லை. அவற்றோடு குவீன்ஸ்லாந்தைச் சேர்ந்த பல் வைத்தியர் ஒருவரின் தளமும், வளர்ப்பு நாய்களைப் பராமரிக்கும் நிலையமொன்றின் தளமும், பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைகளுக்கு ஆலோசனை கூறுபவர் ஒருவரின் தளமும் இருந்தன. பல் வைத்தியரின் தளம் முன்பொருகால் அந்நியர் கைக்குட்பட்டு, ஆபாசப் பக்கத்துக்குத் திருப்பப்பட்டிருந்தது. அவர் அதனைச் சீர்செய்த பின்னரும் முகவரி பட்டியலிலேயே தங்கிவிட்டது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். தவறு நேர்ந்தது பெரிய செய்தியன்று. மனிதர் செய்யும் எப்பட்டியலிலும் தவறு நேரும். கொடிய குற்றவாளிகளின் பெயர்களோடு தன் பெயரும் எழுதப்பட்டிருப்பதை அந்த வைத்தியர் அறிய வழியே இருக்கவில்லை என்பதுதான் செய்தி. பட்டியல் இரகசியம், ஆதலால் அறிவித்தல் இல்லை. அறிவித்தல் இல்லை, ஆதலால் மேன்முறையீடு இல்லை. பட்டியல் கசியாதிருந்தால் அப்பிழை எவர் கண்ணிலும் பட்டிராது.

2009 டிசெம்பரில் ஆய்வறிக்கையொன்றை முன்வைத்து அரசு சட்டமியற்ற முற்பட்டது. கொடுக்கப்பட்ட பட்டியலைத் தவறாது தடுக்க இயலும் என்று அவ்வறிக்கை கூறிற்று. தொழில்நுட்பம் அறிந்தோர் அதனைக் கடந்துவிடுவர் என்றும் அதே அறிக்கை கூறிற்று. எதிர்ப்பு வலுத்தமையால் 2010 யூலையிற் சட்டம் பின்போடப்பட்டு, 2012 நவம்பரில் முற்றாகக் கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக, சர்வதேசக் காவற்றுறையாகிய இன்ரபோல் தொகுத்த, மிகக் கொடிய சிறுவர் வதைத் தளங்களின் பட்டியலை மட்டும் தடுப்பதென முடிவாயிற்று. இதற்கு 1997 ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 313 ஆம் பிரிவு துணைக்கொள்ளப்பட்டது.

அப்பிரிவின் கதையும் அறியத்தக்கது. அது சிறுவரை மனத்திற்கொண்டு எழுதப்பட்டதன்று. குற்றங்களைத் தடுக்க அரச நிறுவனங்களுக்கு உதவுமாறு தொலைத்தொடர்பு நிறுவனங்களைப் பணிக்கும் பொதுவான விதி. 2013 ஏப்ரலில் முதலீட்டு மோசடித் தளமொன்றைத் தடுக்க விரும்பிய பங்குகள் மற்றும் முதலீட்டு ஆணையம் இதே பிரிவைப் பயன்படுத்தி ஓர் எண் முகவரியைத் தடுக்கும்படி கேட்டது. அம்முகவரியில் ஏறத்தாழ 1,200 தளங்கள் குடியிருந்தன. அவை யாவும் ஒருங்கே மறைந்தன. 'மெல்பேண் சுதந்திரப் பல்கலைக்கழகம்' என்னும் தொண்டர் கல்வி அமைப்பின் தளமும் அவற்றுள் ஒன்று. தம் தளம் ஏன் மறைந்தது என்பதை அவ்வமைப்பினர் பல நாட்களாக அறியாதிருந்தனர். பின்னர் பாராளுமன்றக் குழுவொன்று இவ்விடயத்தை ஆராய்ந்து, இத்தகைய கோரிக்கைகளுக்குப் பொது நெறிமுறைகளும் தொழில்நுட்ப அறிவும் வேண்டும் என்று 2015 இல் விதந்துரைத்தது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாக இஃது அமைந்தது.

பிற நாடுகளின் பாடங்கள்

பிரித்தானியாவிற் சிறுவர் வதைப் படங்களின் பட்டியலைத் தொகுப்பது அரசன்று. 1996 இல் நிறுவப்பட்ட இணையக் கண்காணிப்பு மன்றம் என்னும் தனி அமைப்பாகும். 2008 டிசெம்பரில் இம்மன்றம் விக்கிப்பீடியா கலைக்களஞ்சியத்தின் ஒரு பக்கத்தைத் தன் பட்டியலிற் சேர்த்தது. 1976 இல் வெளியான இசைத்தட்டு ஒன்றின் அட்டைப்படம் அப்பக்கத்தில் இருந்தமையே காரணம். இதனாற் பிரித்தானியாவிலுள்ள பெருந்தொகையானோர் விக்கிப்பீடியாவிற் கட்டுரைகளைத் திருத்தவும் முடியாது போயிற்று. எதிர்ப்பு எழுந்ததும் மன்றம் நான்கு நாட்களில் அம்முடிவை மாற்றிக்கொண்டது. விக்கிப்பீடியா உலகறிந்த தளமாதலால் நான்கு நாட்களில் நீதி கிடைத்தது. சிறிய தளமாயின் யார் கேட்பார்?

அதே நாட்டிற் பெரிய இணைய நிறுவனங்கள் 2013 இல் வீடுகளுக்கான வடிகட்டிகளை அறிமுகப்படுத்தின. அவ்வாண்டு டிசெம்பரில் பி.பி.சி. தொலைக்காட்சியின் 'நியூஸ்நைட்' நிகழ்ச்சி அவற்றை ஆராய்ந்தது. இளைஞர்க்குப் பாலியற் கல்வி புகட்டும் தளங்களும், வன்கொடுமைக்கு உள்ளானோர்க்கு உதவும் தளங்களும் அவற்றில் தடுக்கப்பட்டிருந்தமை தெரியவந்தது. வீட்டுக்குள்ளேயே கொடுமைக்கு உள்ளாகும் பிள்ளை எவரிடமும் வாய்திறக்க அஞ்சி இணையத்தில் உதவி தேடுகின்றது எனக் கொள்வோம். அப்பிள்ளையைக் காப்பதற்கென்று கட்டிய சுவரே அதன் ஒரே வாயிலை அடைத்துவிடுகின்றது. சிறுவர் பாதுகாப்பும் தகவல் பெறும் உரிமையும் ஒன்றுக்கொன்று பகையல்ல, ஒன்றையொன்று தாங்குவன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஜேர்மனி மற்றொரு வழியைக் காட்டிற்று. அங்கு 2009 இல் தடைச் சட்டம் ஒன்று நிறைவேறியது. ஒரு இலட்சத்து முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதற்கெதிரான மனுவிற் கையொப்பமிட்டனர். "தடுக்காதே, அழித்துவிடு" என்பது அவர்கள் கோரிக்கை. கொடிய படத்தைத் தடுத்தால் அது நம் கண்ணிலிருந்து மறையுமேயன்றி உலகிலிருந்து மறையாது. அதனை வைத்திருக்கும் கணினியிலிருந்தே நீக்கினால் எவரும் காண இயலாது. குற்றவாளியைத் தேடிப் பிடிக்கவும் வழிபிறக்கும். அச்சட்டத்தின்படி எத்தளமும் தடுக்கப்படாமலே 2011 இறுதியிற் சட்டம் நீக்கப்பட்டது.

நம்மவர்க்கு நன்கு தெரிந்த உதாரணமொன்றும் உண்டு. 2007 யூன் மாதத்தில் 'தமிழ்நெற்' செய்தித்தளம் இலங்கையின் இணைய சேவை நிறுவனங்களூடாகத் தடுக்கப்பட்டது. போர்க்காலத்தில் நாட்டுக்குள் வாழ்ந்த வாசகர்க்கு அவ்வாயில் அடைபட்டது. 2009 இல் அதே நாட்டில் ஆபாசத் தளங்கள் சில தடுக்கப்பட்டன. 2011 நவம்பரில் அரசைக் குறைகூறிய செய்தித்தளங்கள் சில தடுக்கப்பட்டன. ஆபாசத் தளத்துக்கு ஒரு பொறி, செய்தித்தளத்துக்கு வேறொரு பொறி என்று இல்லை. பட்டியலில் ஒரு வரியைச் சேர்த்தாற் போதும். நல்ல நோக்கத்துக்காகக் கட்டப்படும் பொறி நாளை எவர் கையில் இருக்கும் என்பதை இன்று எவரும் உறுதியாகக் கூறவியலாது. வேலியே பயிரை மேய்வதுண்டு என்பதை அனுபவத்தால் அறிந்தவர்கள் நாம்.

மனித உரிமைச் சட்டங்கள் கூறுவன

சிறுவர் உரிமைகள் பற்றிய சமவாயத்தை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1989 நவம்பர் 20 ஆந் திகதி ஏற்றுக்கொண்டது. அவுஸ்திரேலியா 1990 இல் அதனை ஏற்றுறுதி செய்தது. அதன் 34 ஆம் உறுப்புரை பாலியற் சுரண்டலிலிருந்து சிறுவரைக் காக்குமாறு அரசுகளைப் பணிக்கின்றது. அதே சமவாயத்தின் 13 ஆம் உறுப்புரை, தகவலைத் தேடவும் பெறவும் வழங்கவும் பிள்ளைக்கு உரிமை உண்டு என்கின்றது. 16 ஆம் உறுப்புரை பிள்ளையின் அந்தரங்கத்தைக் காக்கின்றது. 17 ஆம் உறுப்புரையோ இரண்டையும் ஒருசேரக் கூறுகின்றது: பிள்ளைக்குப் பயன்தரும் தகவல் கிடைக்க வேண்டும், தீங்கு பயப்பனவற்றிலிருந்து பாதுகாப்பும் வேண்டும். பாதுகாப்பு வேண்டுமா, உரிமை வேண்டுமா என்று கேட்பதே பிழை என்பதை இச்சமவாயத்தை ஊன்றிப் படிப்போர் உணர்வர். இரண்டும் அதே பிள்ளைக்கு உரியன.

குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 19 ஆம் உறுப்புரை கருத்துரிமையைக் கூறுகின்றது. இவ்வுரிமையை ஓர் அரசு கட்டுப்படுத்தலாம். ஆனால் மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். கட்டுப்பாடு தெளிவான சட்டத்தால் விதிக்கப்பட வேண்டும். ஏற்கத்தக்க நோக்கம் ஒன்று இருக்க வேண்டும். அந்நோக்கத்துக்கு இன்றியமையாததாகவும் அளவோடு பொருந்தியதாகவும் அக்கட்டுப்பாடு அமைய வேண்டும். சிறுவரைக் காத்தல் என்னும் நோக்கம் இரண்டாவது நிபந்தனையை ஐயமின்றி நிறைவேற்றும். வடிகட்டிகள் தடுக்கி விழுவது முதலாவதிலும் மூன்றாவதிலுமேயாகும்.

கருத்துரிமைக்கான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளராக விளங்கிய பிராங்க் லா ரூ 2011 இல் மனித உரிமைகள் பேரவைக்கு அளித்த அறிக்கையில் இதனைத் தெளிவாக எடுத்துரைத்தார். சிறுவர் ஆபாசப் படங்களைத் தடுப்பது நியாயமானதே என அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் சட்டம் போதிய துல்லியம் உடையதாக இருக்க வேண்டும் என்றும், சுதந்திரமான நீதிமன்றம் அல்லது ஒழுங்காற்று அமைப்பின் மேற்பார்வை போன்ற காப்புகள் வேண்டும் என்றும் வலியுறுத்தினார். அரசுகள் தடுப்பதிலேயே காட்டும் முனைப்பைக் குற்றவாளிகளைத் தண்டிப்பதிற் காட்டுவதில்லை என்ற கவலையும் அவரது அறிக்கையில் உண்டு. சிறுவர் உரிமைக் குழுவும் 2021 இல் வெளியிட்ட தன் 25 ஆம் பொதுக் கருத்துரையில், பிள்ளைகளின் கருத்துரிமையைக் கட்டுப்படுத்தும் வடிகட்டிகள் சட்டபூர்வமாகவும் தேவையானவையாகவும் அளவோடு பொருந்தியவையாகவும் இருத்தல் வேண்டும் என்று கூறியுள்ளது.

இவற்றைத் தொகுத்து நோக்கினால், எந்த வடிகட்டியைக் கண்டாலும் நாம் கேட்கவேண்டிய வினாக்கள் நான்கு எனலாம். பட்டியலைத் தொகுப்போர் யார்? தொகுக்கும் விதி சட்டத்திற் தெளிவாக எழுதப்பட்டுள்ளதா? தடுக்கப்பட்டவர்க்கு அறிவிக்கப்படுகின்றதா? அவர் மேன்முறையீடு செய்ய ஒரு மன்றம் உண்டா? நோக்கம் எவ்வளவு உயர்ந்ததாயினும் இந்நான்குக்கும் விடை இல்லாத வடிகட்டி ஆபத்தானது.

பதினாறு வயதுச் சட்டம்

2015 இல் சிறுவர்க்கான இணையப் பாதுகாப்பு ஆணையாளர் பதவி இங்கு உருவாக்கப்பட்டது. 'ஈ-சேஃப்டி' என இன்று பலரும் அறிவது இவ்வலுவலகமே. 2021 ஆம் ஆண்டின் இணையப் பாதுகாப்புச் சட்டம் இவருக்கு விரிந்த அதிகாரங்களை வழங்கியது. இவர் பிறப்பிக்கும் நீக்கல் அறிவித்தல்களை எதிர்த்து நிருவாக மீளாய்வுத் தீர்ப்பாயத்துக்குச் செல்லலாம். 2025 யூலையில் அத்தீர்ப்பாயம், வளர்ந்தோர் ஒருவரைப் பற்றிய பதிவு தொடர்பாக ஆணையாளர் பிறப்பித்த ஓர் அறிவித்தலைச் செல்லாததாக்கிற்று. அம்முடிவோடு உடன்படுவோரும் உடன்படாதோரும் இருக்கலாம். ஆயினும் பல் வைத்தியர்க்கு இல்லாதிருந்த வாயில் இங்கு இருக்கின்றது என்பதே நாம் கவனிக்கவேண்டியது.

இப்பொழுது வாதம் வேறொரு தளத்துக்கு நகர்ந்துள்ளது. 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகங்களிற் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் 2024 நவம்பரில் நிறைவேற்றியது. 2025 டிசெம்பர் 10 ஆந் திகதி அது நடைமுறைக்கு வந்தது. முகநூல், இன்ஸ்ரகிராம், ரிக்ரொக், ஸ்னப்சற், யூரியூப் உட்படப் பத்துத் தளங்கள் அன்று இதற்குள் அடக்கப்பட்டிருந்தன. வாட்ஸ்அப் போன்ற செய்திச் சேவைகள் விலக்கப்பட்டன. ஆகவே ஊரிலுள்ள பாட்டியோடும் கனடாவிலுள்ள ஒன்றுவிட்ட சகோதரரோடும் பிள்ளைகள் பேசுவதற்கு இச்சட்டம் தடையன்று. சட்டத்தை மீறிய பிள்ளைக்கோ பெற்றோர்க்கோ தண்டனை இல்லை. தகுந்த நடவடிக்கை எடுக்கத் தவறும் நிறுவனத்துக்கே 4 கோடி 95 இலட்சம் டொலர் வரை அபராதம் விதிக்கப்படலாம். பொறுப்பைப் பிள்ளையின் தோளிலிருந்து எடுத்து, இலாபமீட்டும் நிறுவனத்தின் தோளில் வைத்தமை இச்சட்டத்தின் சிறப்பு எனப் பலர் பாராட்டினர்.

எதிர்ப்புக் குரல்களும் எழாமலில்லை. அவுஸ்திரேலிய மனித உரிமைகள் ஆணையம் இதுபற்றிக் கடுமையான தயக்கங்களை வெளியிட்டது. தனிமையில் வாடும் பிள்ளைகள் தம்மையொத்தாரைக் கண்டுகொள்ளும் இடம் அடைபடும் என்பது ஒரு வாதம். பிள்ளையின் வயதை அறியவேண்டுமாயின் வளர்ந்தோரும் தம் வயதை நிறுவ வேண்டியிருக்கும். அதற்கென முகப்படமோ அடையாள ஆவணமோ கேட்கப்பட்டால் அந்தரங்கம் என்னாவது என்பது மற்றொரு வாதம். அரச அடையாள ஆவணத்தை மட்டுமே ஒரே வழியாகக் கேட்டலாகாது எனச் சட்டம் கூறுவது இக்கவலைக்கு ஓரளவு விடையாகும். 2025 இறுதியில் இச்சட்டத்துக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் வழக்குகள் தொடுக்கப்பட்டன. தொடுத்தோருள் 15 வயதினர் இருவரும் அடங்குவர். தம்மைப் பற்றிய விடயங்களிற் கருத்துக் கூறச் சிறுவர்க்கு உரிமை உண்டு என்னும் சமவாயத்தின் 12 ஆம் உறுப்புரை இங்கு நினைவுக்கு வருகின்றது.

பெற்றோர் கடன்

சட்டம் எவ்வாறு அமையினும் வீட்டிற் செய்யவேண்டியதை வேறெவரும் செய்யார். நம் குடும்பங்களிற் சில தனிப்பட்ட இடர்ப்பாடுகள் உள்ளன. பிள்ளை ஆங்கிலத்திலும் கணினியிலும் பெற்றோரை முந்திவிடுகின்றது. பாலியல் பற்றிப் பேசுவது நம் வீடுகளிற் கூச்சத்துக்குரியதாகவே இருந்துவருகின்றது. "அப்பா அறிந்தால் கைத்தொலைபேசியைப் பறித்துவிடுவார்" என்னும் அச்சத்தாற் பிள்ளை வாய்மூடிக்கொள்கின்றது. அச்சுறுத்திப் பணம் பறிப்பவனின் வலிமை முழுவதும் இந்த மௌனத்திலேயே தங்கியுள்ளது. மௌனம் கலைந்த கணமே அவன் பிடி தளர்கின்றது.

ஆகவே, என்ன நேர்ந்தாலும் வந்து சொல்லலாம், சொன்னால் தண்டனை இல்லை என்னும் உறுதியைப் பிள்ளைக்கு முற்கூட்டியே அளித்தல் வேண்டும். சிறு பிள்ளைகளின் கணினியைப் பொது அறையில் வைத்தலும், வீட்டு வடிகட்டியைப் பயன்படுத்தலும் நன்றே. வீட்டு வடிகட்டி பெற்றோர் அறிந்து பொருத்துவது; தவறாயின் அவரே நீக்கவும் கூடும். வளர்ந்த பிள்ளைகளாயின், எதனை ஏன் தடுக்கின்றோம் என்பதை அவர்களிடம் எடுத்துரைத்தல் வேண்டும். நாட்டின் பட்டியல் இரகசியமாக இருத்தலாகாது என்று வாதிடும் நாம், வீட்டிலும் இரகசியமாக உளவு பார்த்தல் முறையன்று.

துன்பம் நேர்ந்தவிடத்து வழிகள் உள்ளன. இணையத்திற் பிள்ளை துன்புறுத்தப்பட்டால் முதலில் அத்தளத்துக்கே முறையிட வேண்டும். 48 மணிநேரத்தில் அப்பதிவு நீக்கப்படாவிடின் இணையப் பாதுகாப்பு ஆணையாளரிடம் முறையிடலாம். பாலியல் அச்சுறுத்தலாயின், காவற்றுறையின் கீழ் 2018 முதல் இயங்கும் சிறுவர் சுரண்டலை எதிர்க்கும் அவுஸ்திரேலிய நிலையத்துக்கு அறிவிக்கலாம். அச்செய்திகளை அழித்துவிடாது சான்றாக வைத்திருத்தல் வேண்டும், பணம் அனுப்பலாகாது. பிள்ளைகள் தாமே 1800 55 1800 என்னும் இலக்கத்திற் சிறுவர் உதவிச் சேவையோடு கட்டணமின்றிப் பேசலாம். ஆங்கிலத்திற் பேசத் தயங்கும் பெற்றோர் 131 450 என்னும் இலக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளரின் துணையைக் கேட்டுப் பெறலாம்.

முடிவுரை

அரசு சிறுவரைக் காக்க முனைவதை எவரும் குறைகூறார். கொடிய குற்றத்தின் தடயங்களாகிய படங்களைத் தடுத்தலும் அழித்தலும் அரசின் கடமையே. ஆயினும் அக்கடமை சட்டத்தின் ஒளியில் நடைபெற வேண்டும். எவரும் காணாத பட்டியல், எவர்க்கும் விடைகூறாத அதிகாரி, மேன்முறையீடற்ற தடை ஆகிய மூன்றும் சேருமிடத்திற் பல் வைத்தியரும் தொண்டர் பல்கலைக்கழகமும் செய்தித்தளமும் ஒருவர்பின் ஒருவராய் அகப்படுவர். அதே வேளையில் உண்மைக் குற்றவாளி வேறு வழியால் நழுவிச் செல்வான்.

நம் பிள்ளைகள் நாளை இந்நாட்டின் வாக்காளர். சிலர் சட்டத்தரணிகளாகவும் கணினிப் பொறியியலாளராகவும் வருவர். தமக்கென இயற்றப்படும் சட்டங்களைப் பற்றி வினவும் திறனை இன்றே அவர்களிடம் வளர்த்தல் நம் கடன். இவ்விடயத்தைப் பிள்ளைகளோடு அமர்ந்து, தமிழிலேயே பேசிப் பார்க்குமாறு பெற்றோரை அன்புடன் வேண்டுகின்றேன். அத்தகைய பேச்சு நிகழும் வீட்டிற் பிள்ளைக்கு இடர் வந்தால், அது முதலிற் பெற்றோரிடமே வந்து சொல்லும்.